கீழே நிற்பவன் என்றொரு சொல்

அக்டோபர் 3, வெள்ளி. மாலை நான்கு மணி.

பாளையங்கோட்டையிலிருந்து மாண்ட்ரியலுக்கு நான் போனது ஒரே ஒரு சொல்லுக்காக. ஐந்து நாளுக்கு இவ்வளவு தூரம் எவளாவது பறப்பாளா என்று தம்பி திட்டினான். சென்னை, பிராங்க்பர்ட் வழியாக வந்து இறங்கியபோது அவன் சொன்னது சரிதான் என்று என் முழங்கால்களும் சொல்லின. குடிநுழைவு அதிகாரி எதற்காக வந்தீர்கள் என்று கேட்டார். ஒரு பெண் தன் முனைவர் பட்ட ஆய்வுக்கு வாய்மொழித் தேர்வு கொடுக்கிறாள், பார்க்க வந்தேன் என்றேன். மகளா என்றார். இல்லை, என் வாசகி என்றேன். இன்னொரு முறை என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்.

வாசகியின் பெயர் யசிந்தா. நான் எழுதிய பயணக் கட்டுரை ஒன்றில் ஒரு சொல்லுக்குப் பிழையான வேர் சொல்லியிருக்கிறேன் என்று கடிதம் போட்டு என்னைப் பிடித்தவள். அப்படித் தொடங்கிய சிநேகம். பெற்றோர் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர்கள். தகப்பன் சூசைதாசன் கோட்-டெ-நெய்ஜில் உள்ள மருத்துவமனை ஒன்றில் துப்புரவு வேலை செய்கிறார். அவர்களிடம் கார் இல்லாததால், குடும்ப நண்பர் சில்வெஸ்ரர் என்னை அழைத்துப்போக வந்திருந்தார். நகரத்தில் பேருந்து ஓட்டுகிறவர். விமான நிலையத்திலிருந்து வில்லரேயில் உள்ள யசிந்தாவின் வீட்டுக்குச் சுமார் இருபது கிலோமீட்டர். பேருந்தில் வந்திருந்தால் பதினொரு டாலர் டிக்கெட் என்று அவரே கணக்குச் சொன்னார்.

அந்த இருபது கிலோமீட்டரும் அவர் என் வாயைப் பிடுங்கிக்கொண்டே வந்தார். பாளையங்கோட்டையில் எவ்விடம், எந்தக் கோயில் பங்கு, கோயிலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா. எங்கள் ஊரிலும் இதே விசாரணை உண்டு. தெருப் பெயரைச் சொன்னால் போதும், சாதி தானாக வந்து விழும். அதனால் அவர் கேட்பது என்னவென்று எனக்கு விளங்காமல் இல்லை. என்னை முடித்துவிட்டுச் சூசைக்கு வந்தார்.

"சூசையண்ணை ஊரிலை எவ்விடம் எண்டு உங்களுக்குச் சொல்லியிருக்கிறாரோ, அக்கா?"

தெரியாது என்றேன். பதினைந்து வருடமாகப் பழகுகிறார்களாம். கேட்கும்போதெல்லாம் சூசை பக்கத்து டவுனின் பெயரைத்தான் சொல்வாராம். டவுன் எல்லாருக்கும் பொது. அதில் ஒன்றும் விழாது.

அக்டோபர் 4, சனி. காலை பத்து மணி.

யசிந்தா என்னை லொங்குய்ய்க்கு அழைத்துப்போனாள். ஜரி நிலையத்தில் மெட்ரோ ஏறி, பெரி நிலையத்தில் மஞ்சள் வழித்தடத்துக்கு மாறினோம். செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் அடியில் ரயில் ஓடுகிறது. தலைக்கு மேலே கப்பல் போகும் ஆறு. நான் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்தவர்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கரையேறியதும் ஒரு தெப்பனேர், அதாவது மூலைக்கடை, அதில் இரண்டு டாலருக்குக் காப்பி வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். அங்கேதான் அந்தச் சொல்லின் கதையைக் கேட்டேன்.

அது யாரும் எழுதிவைக்காத சொல். ஐரோப்பாவின் பாதியில் ஒரு காலத்தில் பேசப்பட்ட மூலக் கெல்டிக் மொழிக்கு எழுத்தே கிடைக்கவில்லை. ஆனால் அதன் பிள்ளைகள் உலகில் சிதறிக் கிடக்கின்றன. வேல்ஸ் நாட்டு மொழியில் பையன், ஏவலாள் என்ற பொருளில் ஒரு சொல் உண்டு. பழைய ஐரிஷில் ஏவலாளுக்கு அதைப்போலவே ஒன்று. பிரான்சின் மேற்கு முனையான பிரெத்தாஞ்சில் ஒன்று. கோல் எனப்பட்ட பழைய பிரான்ஸ் நாட்டு ஆட்பெயர்களின் வாலில் ஒன்று. பிள்ளைகளின் முகங்களை வரிசையாக வைத்துப் பெற்றவளின் முகத்தை வரைவதுபோல், இவற்றை வைத்து 'வஸ்ஸோஸ்' என்று ஒரு சொல்லை அறிஞர்கள் மீட்டிருக்கிறார்கள். யாரும் கண்ணால் கண்டதில்லை என்பதற்கு அடையாளமாக முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்களாம்.

அதற்கும் முந்திய வடிவம்தான் யசிந்தாவின் ஆய்வு. 'உபோ' என்றால் கீழே, 'ஸ்தா' என்றால் நிற்பது. நம் உபதலைவரில் இருக்கும் உப, ஸ்தானத்தில் இருக்கும் ஸ்தா, இரண்டும் அதே வேரின் கிளைகள்தான் என்றாள். கெல்டிக் மொழிகள் நடுவிலிருந்த ப ஒலியை விழுங்கிவிட்டன. மிஞ்சியது வஸ்ஸோஸ். பொருள், கீழே நிற்பவன். எல்லா அறிஞரும் இதை ஏற்பதில்லை, அதனால்தான் தேர்வை நினைத்துப் பயமாக இருக்கிறது என்றாள்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. பெயர் தெரியாத ஒரு வீட்டு முற்றத்தில் பெயர் தெரியாத ஒருவன் நின்றான். அவன் எலும்பு மண்ணாகிவிட்டது, வீடு மண்ணாகிவிட்டது, பேசிய மொழியும் போய்விட்டது. ஆனால் அவன் உட்காராமல் நின்றான் என்ற ஒரு செய்தி மட்டும் இன்னும் அழியவில்லை. காப்பி ஆறிப்போனது.

கதை அங்கே முடியவில்லை. சொல் லத்தீனுக்குப் போய், பிரெஞ்சில் வசால் ஆனது. அரசனிடம் நிலம் பெற்று அவனுக்குக் கட்டுப்பட்ட பிரபுவுக்கு அந்தப் பெயர். கீழே நின்றவன் பெயர் குதிரைமேல் ஏறிவிட்டது. நாங்கள் உட்கார்ந்திருந்த லொங்குய்ய்யே ஒரு காலத்தில் பிரெஞ்சு மன்னர் கொடுத்த ஜமீன்தானாம். இங்கிருந்த பிரபுக்களும் தொப்பியைக் கழற்றி, வாளையும் குதிமுள்ளையும் அவிழ்த்து வைத்து, மன்னரின் பிரதிநிதி முன்னால் மண்டியிட்டு விசுவாசம் சொல்ல வேண்டும்.

"தோள்துண்டை எடுத்து இடுப்பிலை கட்டுற மாதிரி, அன்ரி" என்றாள் யசிந்தா. பிறகு ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதே நாள், மாலை ஆறு மணி.

சனிக்கிழமை மாலை சூசை வீட்டு நிலவறையில் முந்நூற்றிநாலு ஆட்டம். யாழ்ப்பாணத்தார் உயிரைக் கொடுத்து ஆடும் சீட்டு. சூசையும் சில்வெஸ்ரரும் எப்போதும் ஒரே கட்சி. எதிர்க்கட்சியில் சூசையின் மனைவி றெஜினாவும், விதியே என்று நானும்.

இந்த ஆட்டத்தில் ராஜாவுக்கு மூன்று புள்ளி, ராணிக்கு இரண்டு. ஜாக்குக்கு முப்பது. சீட்டுக்கட்டிலேயே பெரியவன் அவன்தான். இது தெரியாமல் நான் ராஜாவைப் பொத்திப் பொத்தி வைத்திருந்து, ஜாக்கை அலட்சியமாகத் தூக்கிப் போட்டேன். றெஜினா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். மற்ற இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

பழச்சாறு கொண்டுவந்த யசிந்தா அந்த ஜாக்கைக் கையில் எடுத்தாள். பிரெஞ்சில் இவனுக்கு வலே என்று பெயர். வசாலின் பிள்ளை, வஸ்ஸோஸின் பேரன். எடுபிடி. ஐரோப்பாவில் ராஜாவுக்கு அடியில் கிடந்தவனை எங்கள் ஆட்கள்தான் தலைக்கு மேலே தூக்கி வைத்திருக்கிறார்கள் என்றாள். சில்வெஸ்ரருக்கு அது பிடித்துப்போய்விட்டது. அதன்பின் ஜாக் விழும்போதெல்லாம் வஸ்ஸோஸ் என்று சொல்லிப் போட்டார். சூசை மட்டும் சிரிக்கவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு. பகல் பன்னிரண்டு மணி.

பூசை முடிந்து நடந்து வந்தோம். மேப்பிள் இலைகள் நடைபாதையெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாகக் கிடந்தன. படத்தில் பார்த்து அலுத்துப்போன காட்சி என்றுதான் நினைத்திருந்தேன். நேரில் ஒரு முழு மரம் வெயிலில் சிவந்து நிற்பதைப் பார்த்ததும் என் மேதாவித்தனம் அடங்கியது.

வழியில் யசிந்தா சங்கதியை உடைத்தாள். ஆய்வேட்டின் முதல் பக்கத்தில், இந்தச் சொல்லை ஏன் எடுத்தேன் என்று எழுதியிருக்கிறாள். தகப்பனின் ஊர், ஊரில் எந்த ஒழுங்கை, அதாவது எந்தச் சந்து, அந்த ஒழுங்கைக்காரர்கள் செய்த ஊழியம், எல்லாவற்றையும் மறைக்காமல். பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஊர்வலம் போகும் வழியெல்லாம் வெள்ளைத் துணி விரிக்க வேண்டியவர்கள். நிலபாவாடை என்பார்கள். விரித்துவிட்டு ஓரமாக நிற்க வேண்டும். துணி அவர்களுடையது, வெளுத்ததும் அவர்கள்தான், ஆனால் அதில் அவர்கள் கால் படக்கூடாது. சோறு கடைசியில், முற்றத்தில்.

செவ்வாய்க்கிழமை சபையில் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் வாசிக்கப்போகிறாள். தகப்பனுக்கும் வாசித்துக் காட்டிவிட்டாள். உன்ரை புத்தகம், உன்ரை விருப்பம், நான் வரேல்லை என்று சொல்லிவிட்டாராம். ஏனென்றால் சில்வெஸ்ரர் மனைவியோடு வருகிறார், அவருக்குப் பிரெஞ்சு நன்றாகத் தெரியும்.

பக்கத்தை எடுத்துவிடட்டுமா என்று என்னைக் கேட்டாள். எடுத்துவிடு, அப்பா வரட்டும் என்ற பதில் என் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு எனக்குத் தெரியாது என்றேன்.

பிற்பகலில் சூசை முன்வாசல் படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். நானும் போய் உட்கார்ந்தேன். மகள்மீது கோபமா என்று கேட்டேன்.

"கோபம் இல்லை, அக்கா. அவள் பொய் எழுதேல்லை. ஆனா இந்த ஊரிலை எனக்கு எண்டு இருக்கிற ஒரே மனிசர் சில்வெஸ்ரர்தான். இந்த வீட்டிலை பதினைஞ்சு வருசமாச் சாப்பிட்டிருக்கிறார். தெரிஞ்சால் பேந்து சாப்பிடுவாரோ?"

எங்கள் ஊரில் இப்போது அதெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். பார்க்கிறார்கள் என்று தெரிந்ததால் மூடிக்கொண்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய். காலை ஒன்பதரை.

மெட்ரோ டிக்கெட் 3 டாலர் 75 சென்ட். ஜான்-தாலோனில் நீல வழித்தடத்துக்கு மாறி மலையடிவாரத்தில் இறங்கினால், பல்கலைக்கழகம் உச்சியில் இருக்கிறது. நடக்க வேண்டாம், நகரும் பாதை ஒன்று ஆளை மேலே கொண்டுபோய் விடுகிறது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு சும்மா நின்றேன், மலை ஏறிவிட்டேன். றெஜினா இரண்டு பெரிய தட்டுகளில் ரோல்ஸ், பற்றீஸ் என்ற பொரித்த பலகாரங்களைச் சுமந்து வந்தார். தேர்வு முடிந்ததும் வந்தவர்களுக்குப் பட்டதாரி வீட்டார் ஏதாவது கொடுப்பது இங்கே வழக்கம்.

அறையில் முப்பது நாற்காலி, பாதி காலி. நீள மேசைக்குப் பின்னால் நான்கு தேர்வாளர்கள். முன்வரிசையில் சில்வெஸ்ரரும் மனைவியும், பூசைக்குப் போகிற உடுப்பில். நானும் றெஜினாவும் அவர்களுக்குப் பின்னால். யசிந்தா எழுந்து நின்று முதல் பக்கத்தைக் கையில் எடுத்தபோது கதவு திறந்தது. சூசை. மருத்துவமனை வேலை முடிந்து, நீலச் சட்டையோடு அப்படியே வந்திருந்தார். றெஜினா பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். அவர் தலையை அசைத்துவிட்டுக் கதவோரம் சுவரில் ஒட்டி நின்றார்.

யசிந்தா தகப்பனைப் பார்த்தாள். குரல் ஒரு முறை உடைந்தது. பிறகு உடையவில்லை. பிரெஞ்சு எனக்குத் தெரியாது. ஆனால் நடுவே அந்தச் சிற்றூரின் பெயர் தமிழில் வந்தது, ஒழுங்கையின் பெயர் வந்தது, நிலபாவாடை என்ற சொல் வந்தது. எனக்கு முன்னால் சில்வெஸ்ரரின் பிடரி அசையவே இல்லை.

இரண்டு மணி நேரம் கேள்வி. சொல்லின் முதல் உயிரொலி ஒரு மொழியில் அகரமாகவும் இன்னொன்றில் ஒகரமாகவும் இருப்பது ஏன் என்று ஒருவர் அவளை உலுக்கி எடுத்தார் என்பதைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். கடைசியாகப் பிரெத்தாஞ்சிலிருந்து வந்திருந்த நரைத்த பேராசிரியை கேள்வி கேட்காமல் ஏதோ மெதுவாகச் சொன்னார். தேர்வாளர்கள் வெளியே போய்த் திரும்பி வந்து முடிவை வாசித்தபோது எல்லாரும் எழுந்து நின்றோம். சிறு திருத்தங்களோடு பட்டம். றெஜினா சிலுவை போட்டுக்கொண்டு அழுதார். நானும்தான்.

பிறகு தட்டுகள் திறக்கப்பட்டன. பேராசிரியர்கள் பற்றீஸுக்கு இரண்டாம் சுற்று வந்தார்கள். சில்வெஸ்ரர் யசிந்தாவிடம் போய் வாழ்த்துச் சொன்னார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று மனைவியோடு கிளம்பினார். தட்டுப் பக்கம் திரும்பவில்லை. கதவோரத்தில் சூசையைத் தாண்டித்தான் போக வேண்டும். தோளைத் தொட்டுவிட்டுப் போனார். ரோல்ஸ் தட்டைப் பார்த்துவிட்டுச் சூசை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க எனக்குத் திராணி இல்லை.

திரும்பும் மெட்ரோவில் சூசை மகளிடம் கேட்டார், அந்த வயதான அம்மா கடைசியில் என்ன சொன்னார் என்று.

"அவவின்ரை ஊரிலை அந்தச் சொல் இன்னும் உயிரோடை இருக்குதாம், அப்பா. அவவின்ரை அம்மா தன்ரை புருசனை அப்பிடித்தான் சொல்லுறவவாம். அங்கை இப்ப அதுக்கு ஏவலாள் எண்டு அர்த்தம் இல்லை. மனிசன் எண்டு அர்த்தம்."

சூசை சன்னலுக்கு வெளியே ஓடும் இருட்டைப் பார்த்தார்.

"எவ்வளவு காலம் எடுத்ததாம்?"

"ரெண்டாயிரம் வருசம் இருக்கும், அப்பா."

"அவ்வளவு காலம் எனக்கு உயிர் கிடக்காது, பிள்ளை" என்றார்.

அக்டோபர் 8, புதன். பகல் பன்னிரண்டரை.

விமானம் ஐந்து மணிக்கு. என்னைக் கொண்டுபோய் விடுவதாக நான் வந்த அன்றே சில்வெஸ்ரர் சொல்லியிருந்தார். இப்போது அதை யாரும் நம்பவில்லை. டாக்சிக்குச் சொல்லுவோம் என்று யசிந்தா கைபேசியை எடுத்தாள். வாசலில் கார் வந்து நின்றது. சொன்ன நேரத்துக்கு அரைமணி முந்தி வந்திருந்தார்.

என் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தார். பிறகு சூசையிடம், நீங்களும் வாங்கோ என்றார். அது அழைப்பா உத்தரவா என்று தெரியவில்லை. சூசை சட்டையை மாற்றாமல் ஏறி முன்னால் உட்கார்ந்தார். நான் பின்னால். நெடுஞ்சாலைக்கு வந்ததும் வானிலையைப் பற்றி ஏதோ சொன்னேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

சில்வெஸ்ரர் சாலையைப் பார்த்தபடியே தொடங்கினார். தான் சொல்லிவரும் ஊர் தன் ஊர் இல்லை என்றார். அதுவும் பக்கத்து டவுன்தான். உண்மையான ஊரின் பெயரைச் சொல்லி, எந்த ஒழுங்கை என்றும் சொன்னார். இந்தியாக்காரியான எனக்கு அதில் ஒன்றும் விழவில்லை. சூசைக்கு விழுந்தது. மெல்லத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஓம், சூசையண்ணை. பெரிய வீட்டுச் செத்தவீட்டிலை உங்கடை ஆக்கள் துணி விரிக்க, எங்கடை ஆக்கள் அதுக்கும் முன்னாலை பறை அடிச்சுக்கொண்டு போறவை. புழுதியிலைதான். அந்தத் துணியிலை கால் வைச்சது உங்கடை ஆக்களும் இல்லை, எங்கடை ஆக்களும் இல்லை."

நேற்றுப் பிள்ளை வாசிக்கக் கேட்டபின் தன் தொண்டையில் எதுவும் இறங்கியிருக்காது, அதனால்தான் தட்டைத் தொடவில்லை என்றார். மனைவியிடம் இரவெல்லாம் பேசினாராம். அவளுக்கும் இத்தனை வருடம் சொல்லாத சில விஷயங்கள் இருந்தனவாம்.

சூசை கேட்டார்.

"அப்ப இவ்வளவு காலமும் என்னை ஏன் எவ்விடம், எவ்விடம் எண்டு கேட்டனீர்?"

"நீங்கள் என்னைக் கேட்டிடக்கூடாது எண்டுதான்."

யாருக்கு முதலில் சிரிப்பு வந்தது என்று தெரியவில்லை. சூசை முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சிரிப்பா அழுகையா என்று பின்னாலிருந்து எனக்குத் தெரியவில்லை, எட்டிப் பார்க்கவும் மனம் வரவில்லை. ஒரு மொழி அழிந்து, அரசுகள் அழிந்து, ஆயிரமாயிரம் மைல் தாண்டி வந்தும் அழியாத ஒரு நிற்றலைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் வந்தேன். எதிரெதிர் நாற்காலியில் பதினைந்து வருடம் இரண்டு பேர் மனசுக்குள் நின்றுகொண்டே சீட்டாடியதை நேரில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. எங்கள் பாளையங்கோட்டையில் அவரவர் தெருவில் அவரவர் இருப்பதால் இப்படி ஒளிக்கவும் வழியில்லை, இப்படிச் சொல்லவும் நேர்வதில்லை. எது மேல் என்று எனக்கு இன்னும் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை.

விமான நிலைய வாசலில் பெட்டியை இறக்கினார்கள். றெஜினா கட்டித்தந்த பொதியில் நேற்றைய ரோல்ஸ் இருந்தது. வழியில் சாப்பிட எனக்குத் தந்தது. சில்வெஸ்ரர் கேட்காமலே அதைப் பிரித்து, ஒன்றைத் தானும் எடுத்து, ஒன்றைச் சூசையிடம் கொடுத்தார். கார் பானட்டில் சாய்ந்துகொண்டு இருவரும் சாப்பிட்டார்கள். உங்கடை ஒழுங்கையிலை கிணறு எந்தப் பக்கம், பாதிரியார் ஆர், செத்தவீட்டுக்கு எத்தனை முழத் துணி என்று பேச்சு ஓடத் தொடங்கியது. வண்டியை எடுக்கச் சொல்லி ஒரு காவலர் பிரெஞ்சில் சத்தம் போட்டார். கண்ணாடிக் கதவைத் தாண்டி நான் திரும்பிப் பார்த்துக் கை காட்டினேன். இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டிருந்தார்கள்.